சாணைக்கல்லுக்கு வந்த வாழ்வு

குமரி மாவட்டத்துப் புதுக்கடையில் கோழி கூவும் முன்பே கல்லில் கத்தி உரசும் சத்தம் கேட்டுவிடும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முற்றத்து ஓரம் குத்தவைத்து, கத்தியின் வளைந்த வாயைக் கல்லில் இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். கத்தி மழுங்கினால் அன்றைய வெட்டு கெட்டது. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குப் புண். ஆழம் போதாவிட்டால் சிரட்டையில் பால் விழாது. என் மாமா நாற்பது வருடமாக இந்த வேலை செய்கிறார். அவர் கையில் இருக்கும் கல் கறுப்பும் சாம்பலுமாக இருக்கும். நனைத்து வெயிலில் திருப்பினால் உள்ளே பொடிப்பொடியாக மின்னும்.

நடுவில் குழிந்துபோன அந்தக் கல்லைக் காட்டி, புதுசு ஒன்று வாங்கக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

“கல்லு தேயணும் மக்கா. தேயாத கல்லு கத்தியத் தீட்டாது” என்றார்.

தேய்ந்துகொண்டே இருக்கும் இந்தக் கல்லுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. சாணைக்கடையில் தொடங்கி, வானொலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, மின்கம்பத்தில் இடிக்குக் காவல் நின்று, இப்போது மின்சாரக் கார்களின் மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முன் வழியில் வெறும் சூடாக வீணாவதைக் குறைப்பதுதான் அங்கே அதன் வேலை.

கடையில் கார்போரண்டம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் பாதி நம்முடையது. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற கல்லினத்தைச் சேர்ந்தவை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது இருக்கிறது. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டின் பழைய கைவேலை. குருந்தம் ஐரோப்பிய வாயில் கொரண்டம் ஆயிற்று.

1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் குட்ரிச் அச்சிசன் என்பவர், முன்பு எடிசனிடம் வேலை பார்த்தவர், ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கரித்தூளையும் போட்டு, நடுவே ஒரு கரித்தண்டைச் செருகி, மின்சாரத்தை விட்டுப் பார்த்தார். ஆறிய பிறகு தண்டில் மின்னும் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவை கண்ணாடியைக் கீறின. கார்பனும் களிமண்ணிலிருந்த அலுமினாவும், அதாவது குருந்தத்தின் சரக்கும், சேர்ந்து பிறந்தது என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டார். நினைப்பு தப்பு. உள்ளே குருந்தம் துளியும் இல்லை. இருந்தது சிலிக்கானும் கரியும். சிலிக்கான் கார்பைடு. ஆனால் தப்பான பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தப்பால் ஒரு தமிழ்ச் சொல் உலகத்துச் சாணைப் பட்டறைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதில் புகார் இல்லை.

ஆரம்பத்தில் அந்தப் பொடிக்கு இருந்த மரியாதையே தனி. நகைக்கல் பட்டை தீட்டுகிறவர்களுக்குக் காரட் கணக்கில் விற்றார்கள். பிறகு ஆலை பெரிதாகி, தண்ணீர் மின்சாரம் மலிவாகக் கிடைத்த நயாகரா அருவி ஊருக்குப் போயிற்று. மணலையும் கரியையும் குவித்து, நடுவில் கரித்தண்டை வைத்து, ஒரு நாளுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சி 2,000 டிகிரிக்கு மேல் வேகவைக்கும் அச்சிசன் சூளைமுறைதான் இன்றுவரை சாணைக்கல் சரக்குக்கு அடிப்படை. 1893இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி மொய்சான், அரிசோனாவில் விழுந்த விண்கல் ஒன்றின் துண்டில் இதே பொருளைக் கண்டார். பூமியில் இயற்கையாகத் தேடினால் அரிதாகவே அகப்படும் சரக்கு இது. விண்மீன்களுக்கு ஊர்ச்சரக்கு.

இந்தியாவுக்கு அது முறைப்படி தொழிலாக வந்தது 1954இல், சென்னையில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியபோது. 1954 என்றதும் புதுக்கடைக்காரர்களுக்குச் சாணைக்கல் நினைவுக்கு வராது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எழுந்தவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த வருடம் அது, ஆகஸ்ட் 11. எல்லை 1956 நவம்பர் 1 அன்று மாறி ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கல்லுக்கு எல்லை கிடையாது. கார்போரண்டம் யுனிவர்சலின் சிலிக்கான் கார்பைடு சூளை கேரளத்தின் கொரட்டியில் எரிகிறது. சூளைக்கு வேண்டிய மின்சாரத்துக்காகப் பத்தனம்திட்ட மாவட்டத்து மணியாரில் சொந்தமாக ஒரு நீர்மின் நிலையமே கட்டிக்கொண்டார்கள். நயாகராவின் பாடம் அங்கேயும் பொருந்தியது.

கல்லுக்கு இன்னொரு குணம் இருப்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1906இல் டன்வுடி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, கார்போரண்டம் துணுக்கு ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்தால் வானொலி அலையைப் பிடிக்கிறது என்று காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடம் மார்க்கோனி நிறுவனத்தில் இருந்த ஹென்றி ரவுண்ட், அதே சரக்கின் துணுக்கில் 10 வோல்ட் கொடுத்தபோது மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்து ஒரு பத்திரிகைக்குச் சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினார். இன்று வீட்டுக்கு வீடு எரியும் எல்இடி விளக்கின் முதல் மினுக்கல் அதுதான். எழுதியவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கல் மறுபடியும் சாணைக்குப் போய்விட்டது. 1930கள் முதல் இடிதாங்கிகளில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. மின்அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போது மின்சாரத்தை அதிகம் விடாது. இடி விழுந்து அழுத்தம் எகிறினால் கதவைத் திறந்து பூமிக்குள் இறக்கிவிடும். ஐப்பசியில் நம் பக்கம் இடிக்கும் இடிக்கு அந்த வேலை லேசானதல்ல. பிறகு துத்தநாக ஆக்சைடு வந்து அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது.

கல்லின் பெரிய உத்தியோகம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் வாய்க்கால் பக்கம் போக வேண்டும்.

பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மோட்டாருக்கு வேண்டியது மூன்று கட்டங்களில் அலையாக ஏறி இறங்கும் மின்சாரம். நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிற பெட்டிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர்; ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் கன்ட்ரோலர் என்பார்கள். பெட்டிக்குள் அடிப்படையில் ஆறு ஸ்விட்சுகள். விநாடிக்குப் பத்தாயிரம் தடவை வாக்கில் திறந்து மூடி, மின்சாரத்தைப் பொட்டுப்பொட்டாக வெட்டி, அந்தப் பொட்டுகளின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் அலையாக்குகின்றன. குழித்துறை நிலையத்தில் ரயில் எஞ்சின் நகரத் தொடங்கும்போது ஒரு ராகம்போல இழுக்குமே, அது இந்த வெட்டின் சத்தம். வெட்டு 20,000ஐத் தாண்டினால் மனிதக் காதுக்கு எட்டாது.

ஸ்விட்சு முழுக்கத் திறந்திருந்தாலும் நஷ்டமில்லை, முழுக்க மூடியிருந்தாலும் நஷ்டமில்லை என்பது புத்தகக் கணக்கு. நிஜத்தில் இரண்டு இடத்தில் கை வைக்கும். மின்சாரத்தை விட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சின் உடம்பே கொஞ்சம் தடுக்கும், அது ஒன்று. திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவிலுள்ள அந்தக் கணத்தில் அழுத்தமும் இருக்கும், ஓட்டமும் இருக்கும், அது இன்னொன்று. பட்டணங்கால் வாய்க்கால் ஷட்டரைப் பாதி தூக்கி நிறுத்திப் பாருங்கள். முழுக்கத் தூக்கினால் தண்ணீர் அமைதியாகப் போகும், இறக்கினால் நிற்கும், பாதியில்தான் அந்தக் கொந்தளிப்பு.

கணக்குக்கு ஒரு கார். 400 வோல்ட், 300 ஆம்பியர். ஒரு தடவை திறந்து மூடும் நேரம் மொத்தம் ஒரு விநாடியைக் கோடியாகப் பிரித்தால் நாலு பங்கு. ஒரு தடவைக்கு நஷ்டம் 0.024 ஜூல், துச்சம். பத்தாயிரத்தால் பெருக்குங்கள்: 240 வாட். ஒரே ஸ்விட்சில், ஓயாமல். அந்த நேரத்தைக் கால்வாசியாக்கினால் 60 வாட். மின்சார வண்டி வடிவமைப்பாளர்கள் பாதி வாழ்நாளை இந்தக் கால்வாசிக்காகத்தான் செலவழிக்கிறார்கள்.

இங்கே சென்னையில் பிறந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். பி. ஜெயந்த் பலிகா, 1948இல் மதராசில் பிறந்தவர். அப்பா இந்திய மின்னணுத் துறையின் தொடக்க காலப் பொறியாளர். மகன் 1969இல் ஐஐடி மதராசில் பட்டம் வாங்கி அமெரிக்கா போய், 1974இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அப்போது இருந்த ஸ்விட்சுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. மாஸ்ஃபெட் என்பது விரல் நுனியால் திறந்து மூடக்கூடியது. ஆனால் அழுத்தம் கூடினால் உடம்பு தடிக்க வேண்டும், தடித்தால் மின்சாரத்தை மறிக்கும். பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் மின்சாரத்தைத் தாராளமாக விடும். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கவே தனியாக ஒரு மின்சாரம் ஊட்ட வேண்டும். பலிகா 1980 வாக்கில் இரண்டையும் ஓர் உடம்பாக்கினார். ஐஜிபிடி என்று பெயர். தடித்த உடம்புக்குள் மின்துகள்களைக் கூட்டமாக இறக்கிவிட்டால் அந்த உடம்பே வழிவிடும் என்பதுதான் யோசனை. அருமையாக வேலை செய்தது. ரயில், குளிர்சாதனப் பெட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் பின்னாளில் நின்ற பெரிய காற்றாலைகள், 1997க்குப் பிறகு கலப்பின, மின்சாரக் கார்கள் என்று அது போகாத இடமில்லை. 2024இல் பின்லாந்து அவருக்கு மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு கொடுத்ததும் இதற்காகவே.

ஆனால் கூட்டத்தை உள்ளே விட்டால் வெளியேற்றவும் வேண்டும். ஸ்விட்சை மூடு என்று சொன்ன பிறகும் மிச்சக் கூட்டம் வடிய நேரம் பிடிக்கும். தேர் நிலைக்கு வந்த பிறகும் ரதவீதி காலியாகாதது போல. வால்போல நீளும் அந்த மிச்ச ஓட்டத்துக்கும் மேலே கணக்குப் போட்ட நஷ்டத்தில் பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஐஜிபிடியைப் பெற்ற அதே மனிதர் அதற்கு மாற்றையும் அதே காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார். 1982இல் அவர் போட்ட கணக்கு, எந்தப் பொருளில் ஸ்விட்சு செய்தால் மின்சாரத்துக்கு மறிப்பு மிகக் குறையும் என்பதைப் பற்றியது. இன்று அதற்குப் பலிகாவின் தகுதி எண் என்று பெயர். குளத்துக்கு மண்கரை போட்டால் அடி அகலமாக வேண்டும். மதகின் குழாயும் அந்த அகலத்துக்கு நீளும். கருங்கல் சுவர் என்றால் ஒல்லியாகக் கட்டலாம், குழாயும் குட்டை. சிலிக்கான் மண்கரை. கருங்கல் எது என்று அந்தக் கணக்கு கைகாட்டிய பொருள்களில் ஒன்று நம் சாணைக்கல்.

உடையாமல் தாங்கும் மின்புலம் சிலிக்கானைவிடச் சிலிக்கான் கார்பைடுக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆகவே சுவர் பத்தில் ஒரு பங்கு போதும். சுவர் ஒல்லியானதோடு, அதற்குள் மின்துகள்களையும் அடர்த்தியாக வைக்கலாம் என்பதால் மறிப்பு நூறு மடங்குக்கும் மேல் குறையும் என்றது கணக்கு. வெளியிலிருந்து கூட்டம் இறக்க வேண்டாம், வால் கிடையாது. சூட்டை வெளியே கடத்துவதிலும் சிலிக்கானைவிட மேல். இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். சிலிக்கான் அணுவும் கரி அணுவும் விடாப்பிடியாகக் கைகோத்து நிற்கின்றன. கத்தியைத் தீட்டியதும் அந்தப் பிடிதான், மின்அழுத்தத்தைத் தாங்குவதும் அந்தப் பிடிதான்.

பிடிவாதக்காரனோடு குடித்தனம் நடத்துவது எளிதல்ல என்பது பிறகு தெரிந்தது. சிலிக்கானை உருக்கி, ஒரு விதைப் படிகத்தைத் தொட்டு மெல்ல இழுத்தால் ஆள் உயரத்துக்கு ஒரே படிகமாக வரும். இது உருகாது. சூட்டைக் கூட்டினால் கற்பூரம்போல நேரே ஆவியாகும். ஆகவே 2,000 டிகிரிக்கு மேல் ஆவியாக்கி, கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் விதைமேல் படியவிட வேண்டும். 1955இல் லெலி என்பவர் சின்னச் சின்னப் படிகம் எடுத்தார். விதை வைத்து வளர்க்கும் முறையை 1978இல் டைரோவும் ஸ்வெட்கோவும் சோவியத் நாட்டில் கண்டார்கள். மணிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளரும். ஒரு வாரம் காத்திருந்தால் சில சென்டிமீட்டர். அணு அடுக்குகள் மாறிப் படிந்தால் வேறு ரகமாகிவிடும். இருநூறுக்கு மேல் ரகம் உண்டு. உள்ளே ஊசித்துளைகள் விழும்; ஒரு துளை போதும், ஸ்விட்சு செத்தது. வளர்ந்ததை அறுக்க வைரக் கம்பி வேண்டும். உலகத்தையே தீட்டிய கல்லைத் தீட்ட வேறு கல் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே 1987இல் நார்த் கரோலினாவில் சில மாணவர்கள் இந்தப் படிகத்தை நம்பிக் கிரீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் பலிகாவும் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவரும் மாணவர்களும் 1992இல் 400 வோல்ட் தாங்கும் சிலிக்கான் கார்பைடு டயோடைக் காட்டினார்கள். கடைக்கு வர 2001 ஆயிற்று. ஸ்விட்சு, அதாவது மாஸ்ஃபெட், 2011ஐ ஒட்டித்தான் வந்தது. 2017இல் ஓடத் தொடங்கிய டெஸ்லா மாடல் 3 காரின் இன்வெர்ட்டரைப் பிரித்துப் பார்த்தவர்கள், எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் செய்த 24 சின்ன வில்லைகளை எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சில், அதாவது சிப். அச்சிசனின் கிண்ணத்திலிருந்து அங்கே வந்து சேர 126 வருடம்.

தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2023 வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டத் தொடங்கிய ஹூண்டாய் அயோனிக் 5 காரின் பின்பக்க மோட்டாருக்கு இந்த ஸ்விட்சுதான். செயல்திறனில் 2 முதல் 3 சதவீதம், அதே பேட்டரியில் சுமார் 5 சதவீதம் கூடுதல் தூரம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐஜிபிடி எவ்வளவு சின்ன மின்சாரத்தை விட்டாலும் வாசலில் ஏறத்தாழ ஒரு வோல்ட் சுங்கம் பிடுங்கும். 30 ஆம்பியர் போனால் 30 வாட் போச்சு. சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுக்கு வாசல் சுங்கம் இல்லை, மறிப்பு மட்டும்தான். 5 மில்லி ஓம் என்று வைத்தால் அதே 30 ஆம்பியருக்கு 4.5 வாட். முழுக்க மிதித்து 300 ஆம்பியர் போகும்போது இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே பந்தயம் ஓட்டுகிறவனுக்கு இந்தச் சுங்க லாபம் பெரிதாக உதவாது. கருங்கல் ஊர்ச் சந்தைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நெரிசலில் ஊர்ந்து போகிறவனுக்குத்தான் உதவும். வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதியை அப்படித்தானே கழிக்கிறது.

இனி என் ஸ்கூட்டர். ஓசூரில் செய்து வந்த வண்டி. அதற்குள்ளும் இந்தக் கல் இருக்கிறது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் இல்லை. 50 வோல்ட் சுற்றளவில் ஓடும் வண்டிக்கு மண்கரையே ஒல்லியாகப் போதும். சாதாரணச் சிலிக்கான் மாஸ்ஃபெட்டுகள் ஒன்றிரண்டு மில்லி ஓமில், மலிவாக வேலையை முடித்துவிடும். எல்லாவற்றிலும் சிலிக்கான் கார்பைடு என்று பூசி விற்கிற விளம்பரத்தை இங்கே நம்ப வேண்டாம். ஸ்கூட்டரில் நஷ்டத்தைக் குறைப்பது வேறு கைகள். மோட்டாருக்குப் போகும் அலையைச் சுழலியின் காந்தம் நிற்கும் திசை பார்த்துச் செலுத்தும் முறை, ஜெர்மனியில் 1970களின் தொடக்கத்தில் பிளாஷ்கே வகுத்தது, இன்று நகத்தளவு சில்லில் ஓடுகிறது. மூன்று கட்டங்களில் ஒன்றை மாறிமாறி வெட்டாமல் சும்மா நிறுத்தி வைத்தால் வெட்டுகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒன்று குறையும். அப்புறம் தடித்த செம்பு, குட்டையான இணைப்பு, காற்று படும் அலுமினியத் தகடு. நம் ஊர் ஏற்றங்களில் கடைசியானதுதான் முக்கியம். ஓட்டம் இரட்டித்தால் மறிப்பின் நஷ்டம் நாலு மடங்காகும். சூடேறிய சிலிக்கானின் மறிப்பு இன்னும் கூடும். கூடினால் இன்னும் சூடு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு மூட்டை மீனுமாக ஏறி வரும்போது வண்டி திடீரென்று வேகத்தைக் குறைத்துக்கொள்வது பழுதல்ல, உள்ளே இருக்கும் சில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. மீன்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன்.

கல் தன் முறைக்குக் காத்திருக்கிறது. சிலிக்கான் கார்பைடு சில் செய்யும் ஆலை ஒன்றுக்கு ஒடிசாவில் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. சாலையோர வேகச் சார்ஜர்கள் பலவற்றில் டயோடாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு மழைநாளில் சொன்னேன். மழையென்றால் வெட்டு கிடையாது, கேட்க நேரம் இருந்தது. கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கல்லா காருக்குள்ள கெடக்கு?”

“இதே சரக்கு மாமா. இது பொடிய ஒட்டிச் செஞ்சது. அது ஒரே படிகம், கண்ணாடி மாதிரி. ஒரு பொட்டுகூடத் தேயாது.”

“தேயாதா?” கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து வேட்டியில் துடைத்தார். “அப்ப அது நமக்கு ஒதவாது.”